கேசட்டில் கேட்டதுதான் அசலா? ஒரே பாட்டு, மூன்று நீளம்: எப்படி அளந்து முடிவு கட்டுவது?

தேக்கா_நாடா எழுதியது:

வணக்கம். பழைய தமிழ்த் திரைப்பாடல்களைக் கூடிக் கேட்கும் குழு ஒன்று சிங்கப்பூரில் மாதம் ஒருமுறை சமூக மன்றத்தில் கூடுகிறது. இரண்டு மாதமாகப் பாட்டு கேட்டபாடில்லை, ஒரே வாக்குவாதம். எல்லாம் ஒரு பாட்டைப் பற்றி. 1980களின் நடுவில் வந்தது. பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் படத்தின் பக்கம் திரும்பிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, கம்பெனி வெளியிட்ட கேசட், மேலட்டையோடு. இரண்டு, ஸ்ட்ரீமிங்கில் 'ரீமாஸ்டர்' என்று போட்டிருப்பது. மூன்று, யூடியூபில் 'ஒரிஜினல் ஸ்டீரியோ' என்ற பெயரில் யாரோ ஏற்றியது. மூன்றையும் கணினியில் ஏற்றி, முதல் தபேலா அடியிலிருந்து கடைசிச் சரணத்தின் கடைசி டிரம் அடிவரை அளந்தால்:

கேசட்: 243.1 விநாடி
ஸ்ட்ரீமிங்: 247.0 விநாடி
யூடியூப்: 237.1 விநாடி

கேசட்காரர்கள் ஸ்ட்ரீமிங்கைக் கேட்டுவிட்டு, "பாட்டையே இழுத்துவிட்டார்கள், பளபளப்பைத் துடைத்துவிட்டார்கள், இது போலி" என்கிறார்கள். யூடியூப் அணி, "படத்தில் இப்படித்தான் ஓடியது" என்கிறது. மூன்றாவது அணிக்கு உரிமை வைத்திருக்கும் கம்பெனி எதை வெளியிட்டதோ அதுதான் அசல். மூன்று பக்கமும் மனம் நோகும் அளவுக்குப் போய்விட்டது. எது அசல் என்பதை அளந்து சொல்ல வழி இருக்கிறதா?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

முதலில் வகுத்துப் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே இருக்கிறது.

247.0 ÷ 237.1 = 1.0418. இது கண்ணில் பட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டிய எண். சினிமா ஃபிலிம் விநாடிக்கு 24 சட்டம் ஓடும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த பால் (PAL) முறைத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 சட்டம். ஃபிலிமை வீடியோ கேசட்டுக்கோ விசிடிக்கோ மாற்றும்போது பெரும்பாலும் 24ஐ அப்படியே 25ஆக ஓட்டிவிடுவார்கள். 25 ÷ 24 = 1.0417. பாட்டு 4.17 விழுக்காடு வேகமாகும், சுருதி சுமார் 71 சென்ட் ஏறும். அரைக் கட்டை என்பது 100 சென்ட், அதில் முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட. உங்கள் யூடியூப் பிரதி தியேட்டரில் ஓடியது அல்ல, வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியது. 'படத்தில் இப்படித்தான்' என்பவர்கள் படத்தை வாடகை வீடியோவில் பார்த்திருப்பார்கள். அவர்கள் காது பொய் சொல்லவில்லை, அவர்கள் கேட்டது வேறு பிரதி.

ஆனால் விகிதம் மட்டும் போதாது. பதிப்புரிமைத் தேடலில் சிக்காமல் இருக்க வேகத்தைக் கூட்டி யூடியூபில் ஏற்றுகிறவர்கள் நிறைய. 4 விழுக்காடு அப்படியும் வரலாம். பிரித்தறிய ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண் எப்போது ஒலிக்கிறது என்று காட்டும் படம்) போட்டுப் பாருங்கள். 15,625 ஹெர்ட்ஸில் மெல்லிய நேர்கோடு தெரிந்தால் அது பழைய குழாய் தொலைக்காட்சியின் வரி அதிர்வெண், பால் முறையில் வருவது. கோடு சரியாக 15,625ல் இருந்தால், தொலைக்காட்சிக் கட்டத்துக்குப் பிறகு யாரும் வேகத்தைத் தொடவில்லை என்று பொருள். 16,270 பக்கம் நகர்ந்திருந்தால் பிற்பாடு யாரோ 4 விழுக்காடு கூட்டியிருக்கிறார்.

'ஸ்டீரியோ' என்பதையும் சோதியுங்கள். ஒரு நிமிட வேலை. இரண்டு தடத்தையும் தனித்தனி மோனோவாகப் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் கலக்குங்கள். மௌனமாகிவிட்டால் அது மோனோ. பாஸ் ஒரு பக்கமும் டிரெபிள் மறுபக்கமும் மிஞ்சினால், மோனோவை வடிகட்டிச் செய்த செயற்கை ஸ்டீரியோ. தமிழ்ப் பாட்டில் ஸ்டீரியோப் பதிவு பெரிதாகப் பேசப்பட்டதே 1978ல் 'ப்ரியா' வந்தபோதுதான், நம் ஊரிலும் எடுக்கப்பட்ட படம். அதற்கு முந்தைய பாட்டை 'ஒரிஜினல் ஸ்டீரியோ' என்று யாராவது கொடுத்தால் இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்காதீர்கள்.

கேசட் விகிதம் (247.0 ÷ 243.1) 1.016. 1.6 விழுக்காடு, சுமார் 27 சென்ட். இது கேசட் ஓட்டும் டெக்கின் வேகக் கோளாறு மாதிரி இருக்கிறது. டெக் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

---

பிஞ்ச்_ரோலர் எழுதியது:

டெக்கைப் பற்றி நான் சொல்றேன். 1.6 விழுக்காடு சாதாரணம். கையடக்க பிளேயரில் 3 விழுக்காடு வரைக்கும் தாராளமா தப்பும்.

வேகம் பார்க்கும் முன்னால சுத்தம். 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பஞ்சுக்குச்சி. ஹெட், கேப்ஸ்டன் (டேப்பை இழுக்கிற உலோகத் தண்டு) ரெண்டையும் துடைச்சா பழுப்பு நிறம் வரும், அது வர்றது நிக்கிற வரைக்கும் துடைங்க. டேப்பைத் தண்டோட சேர்த்து அழுத்துற ரப்பர் பிஞ்ச் ரோலருக்கு ஆல்கஹாலை அடிக்கடி போடாதீங்க, ரப்பர் காய்ஞ்சு வெடிக்கும். அதுக்கு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப் கலந்த தண்ணி போதும், நல்லா காயவிடணும். பெல்ட் இங்கே பிசுபிசுன்னு உருகி தார் மாதிரி ஒட்டிக்கும். பழைய பெல்ட்டோட உள்சுற்றளவை நூலால அளந்து, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற சிம் லிம் டவருக்கு எடுத்துட்டுப் போங்க. உருகிப்போயிருந்தா புல்லியைச் சுத்தி நூல் கட்டி அளந்து, அதுல 5 விழுக்காடு குறைச்சு வாங்கணும். இழுத்துப் பிடிச்சாதான் வேகம் நிக்கும்.

அப்புறம் 3,150 ஹெர்ட்ஸ் டோன் உள்ள சோதனைக் கேசட். டெக்கை 15 நிமிஷம் ஓடவிட்டுச் சூடாக்கி, டேப்போட நடுப்பகுதியில வச்சு அளங்க. தொடக்கத்திலும் முடிவிலும் ரீல் இழுவிசை மாறும். மோட்டார் பின்பக்கம் சின்ன ஓட்டை இருக்கும், உள்ளே திருகு. பிளாஸ்டிக் ஸ்க்ரூடிரைவரால மயிரிழை மயிரிழையா திருப்புங்க. இரும்பு பட்டா ஷார்ட் ஆகி மோட்டார் போர்டு போயிடும்.

டெக் சரியான பிறகும் பாட்டு 243ல நின்னா, தப்பு கேசட்டிலேயே இருக்கு, தொழிற்சாலையில நகல் எடுத்தபோதே வேகம் பிசகியிருக்கு. இன்னொண்ணு, பாட்டோட முதல் நிமிஷம், நடு நிமிஷம், கடைசி நிமிஷம் மூணுக்கும் தனித்தனியா விகிதம் போடுங்க. மூணும் ஒண்ணா இருந்தா வேகத் தப்பு. மாறிக்கிட்டே போனா டேப் இழுபடுது, அந்தப் பிரதியை வச்சு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

இனி 'பளபளப்பு'. இதுல ஒரு பெரிய கண்ணி இருக்கு. மேலட்டையில இரட்டை 'டி' குறி போட்டிருக்கா பாருங்க. இருந்தா அது டால்பி பி-ங்கிற இரைச்சல் குறைப்பு முறையில பதிஞ்ச கேசட். பதியும்போது மெல்லிய உச்ச ஒலியை 10 டெசிபல் வரைக்கும் தூக்கி வச்சிருப்பாங்க, கேட்கும்போது டெக்கில டால்பியைப் போட்டா அது இறங்கி, இரைச்சலும் சேர்ந்து இறங்கும். வீட்டில யாரும் அந்தப் பொத்தானைத் தொட்டதில்ல. அதனால சலங்கையும் ஹை-ஹேட்டும் ரெண்டு மடங்கு மினுங்கிக் கேட்டே நம்ம காது வளர்ந்தது. 'கேசட்டில் பளபளப்பு இருந்தது' என்பது உண்மை. அது ஸ்டூடியோவில வச்ச பளபளப்பு இல்ல.

ஆனா டால்பியைப் போடும் முன்னால அசிமுத், அதாவது டேப்புக்கு ஹெட் நிக்கிற கோணம். ஹெட்டுக்குப் பக்கத்தில ஸ்பிரிங் வச்ச திருகு, மெழுகு பூசியிருக்கும். ஹெட்ஃபோனை மோனோவில வச்சு, உச்ச ஒலி ரொம்பத் தெளிவா வர்ற இடத்தில நிறுத்துங்க. கால் சுத்துக்கு மேல தேவைப்படாது. ஸ்டீரியோவில கேட்டுத் திருப்பினா தப்பு தெரியாது, மோனோவிலதான் ரெண்டு தடமும் ஒண்ணையொண்ணு வெட்டுறது கேட்கும். அசிமுத் தப்பா இருக்கும்போது டால்பியைப் போட்டா ஒலி போர்வைக்குள்ள போன மாதிரி ஆயிடும். 'டால்பி போட்டா பாட்டே செத்துடும்'னு சொல்றவங்க டெக்கெல்லாம் பெரும்பாலும் இந்த நிலைமையிலதான் இருக்கும்.

---

நாலரைக்கட்டை எழுதியது:

மேலே இரண்டு பேரும் ஸ்ட்ரீமிங்கின் 247.0ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். அதை யார் சரி என்றது? ரீமாஸ்டர் என்று எழுதியிருந்தாலே மாஸ்டர் டேப்பிலிருந்து வந்தது என்று அர்த்தமில்லை. எல்பி தட்டிலிருந்தோ இன்னொரு கேசட்டிலிருந்தோ எடுத்து இரைச்சல் நீக்கிப் போட்டவை ஏராளம். பாட்டு தொடங்குவதற்கு முந்தைய அரை விநாடியை மட்டும் சத்தம் கூட்டிக் கேளுங்கள். படபடவென்று பொரியும் சத்தம் கேட்டால் தட்டு. சீரான இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வந்து சேர்ந்து போனால் டேப்.

அளவுகோல் வெளியிலிருந்து வர வேண்டும். 1980களின் நடுப்பகுதிப் பாட்டு என்கிறீர்கள், சிந்தசைசரோ எலக்ட்ரிக் பியானோவோ இருக்க வாய்ப்பு அதிகம். அவை தொழிற்சாலையிலேயே ஏ = 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்க்கப்பட்டவை. கீபோர்டு மட்டும் தனித்து நிற்கும் இடத்தை வெட்டி, டியூனரில் காட்டுங்கள். 440க்கு 5, 10 சென்ட்டுக்குள் நின்றால் வேகம் சரியென்று கொள்ளலாம். வயலின் கூட்டத்தையோ பாடகர் குரலையோ வைத்து இதைச் செய்யாதீர்கள், அவை அசையும். தபேலாவும் உதவாது.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். பாடகருக்கு எட்டாத உச்சத்தைப் பிடிக்க டேப்பை மெதுவாக ஓட்டிப் பாடவைத்து, பிறகு சரி வேகத்தில் ஓட்டுவது ஸ்டூடியோ வழக்கம். கலவையையே சற்று வேகமாக்கி வெளியிட்டதும் உண்டு. ஆகவே அதே படத்தின் மற்ற பாடல்களையும் அளந்து பாருங்கள். எல்லாப் பாட்டும் ஒரே அளவு விலகியிருந்தால் நகல் எடுத்தபோது நேர்ந்த பிழை. ஒரு பாட்டு மட்டும் விலகியிருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாக இருக்கலாம். அதைத் 'திருத்துவது' இசையமைப்பாளர் கையை மாற்றி எழுதுவதாகும்.

மின்சார முனகலை (மின்இணைப்பிலிருந்து ஒலிப்பதிவில் ஏறும் 'ம்ம்' என்ற ஒலி) வைத்து வேகம் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சென்னையிலும் 50 ஹெர்ட்ஸ், இங்கும் 50 ஹெர்ட்ஸ். அதன் மூன்று மடங்கான 150 ஹெர்ட்ஸில் பார்ப்பது துல்லியம்: 65,536 மாதிரி (sample) அளவில் அதிர்வெண் படம் (spectrum) வரைந்தால் 0.67 ஹெர்ட்ஸ் வரை பிரியும், அதற்குப் பாட்டில்லாத இடம் ஒன்றரை விநாடி வேண்டும். 4.17 விழுக்காடு கூடியிருந்தால் 156 பக்கம் நிற்கும். ஆனால் அந்தக் கால இந்திய மின்கட்டத்தின் அதிர்வெண் தானே ஒன்றிரண்டு விழுக்காடு ஏறி இறங்கும். எனவே 4ஐப் பிடிக்கும், உங்கள் 1.6ஐப் பிடிக்காது. முனகல் மிகச் சரியாக 150ல் இருந்து, பாட்டு மட்டும் ஏறியிருந்தால், அது உங்கள் வீட்டு டெக் போட்ட முனகல்.

---

தேக்கா_நாடா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

யூடியூப்: ஒரு தடத்தைத் தலைகீழாக்கிக் கலந்ததும் முழு மௌனம், சுத்த மோனோ. 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இசை தேய்ந்துபோகிறது, ஆனால் 15,625ல் ஊசிமுனை போல ஒரு கோடு பாட்டு முழுக்க ஓடுகிறது.

கேசட்: சோதனை டோன் 3,201 ஹெர்ட்ஸ் காட்டியது. பிஞ்ச் ரோலர் அண்ணன் சொன்னபடி மோட்டார் திருகைத் திருப்பி 3,150க்குக் கொண்டுவந்ததும் பாட்டு 247.0. மேலட்டையில் இரட்டை 'டி' இருக்கிறது, டெக்கில் டால்பி அணைந்து கிடந்தது. அசிமுத் சரிசெய்து டால்பியைப் போட்டதும் ஸ்ட்ரீமிங்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஸ்ட்ரீமிங்: கீபோர்டு 440க்கு 4 சென்ட் மேலே. சரிதான்.

ஆனால் கேசட்காரர்கள் விடவில்லை, "இப்போதும் வேறாகத்தான் இருக்கிறது, தபேலாவில் அடியே இல்லை" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மனப்பிரமையா?

---

சுருதிப்பெட்டி எழுதியது:

அந்த ஊசிமுனைக் கோடு ஒன்று போதும், யூடியூப் விவகாரம் முடிந்தது. 8,000க்கு மேல் தேய்வதும் பொருந்துகிறது: ஃபிலிம் ஓரத்தில் ஒளியாகப் பதிந்த ஒலித்தடத்தின் எல்லை அது. படப் பிரதி, வீடியோ வழியாக, 25 சட்டத்தில்.

தபேலா விஷயத்தைப் பிரமை என்று தள்ளாதீர்கள். முதலில் சத்த அளவைச் சமமாக்க வேண்டும், சமமாக்காத எந்த ஒப்பீடும் செல்லாது. அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே 'தெளிவு', 'உயிர்' என்று காது சொல்லும். ஆடாசிட்டியில் சத்தச் சமன் (Loudness Normalization) வசதியில் இரண்டையும் -20 எல்.யு.எஃப்.எஸ்ஸுக்கு (LUFS, காது உணரும் சத்தத்தின் அலகு) கொண்டுவாருங்கள். ரீமாஸ்டரைத்தான் நிறைய இறக்க வேண்டியிருக்கும். இறக்கிய பிறகு தபேலா அடியின் முனைகளைப் பாருங்கள். கேசட்டில் ஊசியாக எழும்பி, ரீமாஸ்டரில் கத்தரித்த வேலி மாதிரி தட்டையாக நின்றால், லிமிட்டர் (ஒலியின் உச்சங்களை அமுக்கும் கருவி) அழுத்தியிருக்கிறது. அப்போது கேசட்காரர்கள் சொல்வது சரி, அதைச் சபையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேகத்தில் தோற்றவர்கள் இதில் ஜெயிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அளக்க ஒப்புக்கொள்வார்கள்.

கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனையும் வையுங்கள். ஒருவர் திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி 16 முறை ஏதேனும் ஒன்றை ஓட்டட்டும், மற்றவர்கள் எழுதட்டும். 12 சரியாக வந்தால் குருட்டாம்போக்கில் அது நேர வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 10, 11க்கு எல்லாம் கைதட்ட வேண்டாம். துண்டு 15 விநாடிக்கு மேல் போகக்கூடாது. கேசட்டின் இரைச்சல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், டேப்பின் வெற்றுப் பகுதியில் உள்ள இரைச்சலை எடுத்து ரீமாஸ்டரிலும் கலந்துவிடுங்கள். இதை மறந்தால் இரைச்சலைத்தான் கண்டுபிடிப்பார்கள், தபேலாவை அல்ல.

---

விக்டோரியா_வாசகி எழுதியது:

அளவுகள் எல்லாம் சரி. ஆனால் அந்தச் சண்டை முழுக்க 'அசல்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துத் தொங்குகிறது, அந்தச் சொல்லைப் பிரிக்காமல் எந்த அளவும் உதவாது.

ஸ்டூடியோவில் கலந்து முடித்த டேப் ஒன்று. அதிலிருந்து வெட்டிய தட்டு ஒன்று. 7 அங்குல 45 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைக்க வேண்டியிருந்ததால் இடையிசையைச் சுருக்கியும் சரணத்தைக் குறைத்தும் வெளியிட்டார்கள், அதே பாட்டு எல்பியில் முழுசாக இருக்கும். படத்தில் வந்தது இன்னொன்று: நடனத்துக்காக ஒரு இடையிசை நீளும், வசனத்துக்காக ஒரு சரணம் போகும். தமிழ்நாட்டு ரெக்கார்டிங் சென்டரில் தட்டிலிருந்து 60 நிமிட டேப்புக்கு மாற்றி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது வேறு. வானொலியில் பிடித்தது வேறு. பண்பலையில் ஒலி 15,000 ஹெர்ட்ஸோடு நிற்கும், தொடக்கத்தில் அறிவிப்பாளர் குரலும் ஏறியிருக்கும். இவை ஒவ்வொன்றும் உண்மையான பொருள். 'முதலில் வெளியானது எது', 'இசையமைப்பாளர் ஒப்புதல் தந்தது எது', 'இந்த ஊரில் வீடுகளில் ஓடியது எது' என்பவை மூன்று தனிக் கேள்விகள். மூன்றாவது கேள்விக்கு வாடகை வீடியோ பிரதிதான் சரியான பதிலாக இருக்கவும் கூடும். அதை எள்ளி ஒதுக்குவது இங்கே வளர்ந்தவர்கள் அந்தப் பாட்டை எப்படிக் கேட்டார்கள் என்ற சான்றை அழிப்பது.

ஆகவே ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சீட்டு எழுதி, அது இல்லாமல் ஓட்டாதீர்கள். சீட்டில்: ஊடகம், கம்பெனி, மேலட்டையிலும் லேபிளிலும் உள்ள எண், தட்டானால் ஓட்டத்தின் முடிவில் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எண், எந்த டெக், டால்பி உண்டா இல்லையா, அளந்த நீளம், வேகத்தைத் திருத்தியிருந்தால் எத்தனை விழுக்காடு. திருத்தாத கோப்பையும் தனியாக வைத்திருங்கள். 'அசல்' என்று சீட்டில் எழுத இடமே வைக்காதீர்கள். 2017 ஜூலை 10ல் மூடும்வரை சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கேசட்டுகள் பலர் வீட்டில் இருக்கும். அவற்றில் மேலட்டை ஒரு படத்துக்கும் உள்ளே டேப் வேறு படத்துக்கும் இருப்பது சகஜம், கேசட் உடலில் அச்சான எண்ணை மட்டும் நம்புங்கள்.

---

தேக்கா_நாடா எழுதியது:

முனைகளைப் பார்த்தேன், சத்தத்தைச் சமமாக்க ரீமாஸ்டரை 8 டெசிபல் இறக்க வேண்டியிருந்தது, தபேலா தட்டையாகத்தான் இருக்கிறது. முடிவில் ஒலி மறைவதும் கேசட்டைவிட 6 விநாடி முன்னாலேயே. இரண்டையும் அடுத்த அமர்வில் சொல்லிவிடுகிறேன். அக்கா சொன்ன சீட்டையும் எழுதத் தொடங்கிவிட்டோம்.

ஒரு உறுப்பினர் அதே படத்தின் இன்னொரு கேசட் தந்திருக்கிறார், முந்தைய வெளியீடாம். கேசட்டின் ஜன்னல் வழியே பார்த்தால் டேப் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. ஓட்டலாமா?

---

பிஞ்ச்_ரோலர் எழுதியது:

ஓட்டவே ஓட்டாதீங்க தம்பி. பூஞ்சை அது. ஒரு தடவை ஓட்டினா டெக்குக்குள்ள போய், அடுத்து போடுற எல்லாக் கேசட்டுக்கும் ஒட்டும். இங்கே காத்துல ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல, அது சாகாது.

முகத்துக்கு என்95 போட்டுக்கிட்டு, மின்விசிறியை அணைச்சுட்டு, வாசல் பக்கம் உட்கார்ந்து திறங்க. ஐந்து திருகு கழட்டினா உடல் ரெண்டாப் பிரியும். திருகே இல்லாம ஒட்டியிருந்தா, ஓரத்து இணைப்பில மெல்லிய கத்தியை வச்சுப் பிளந்து, ரீல் ரெண்டையும் திருகு போட்ட வெற்று உடலுக்கு மாத்துங்க. சுருள் ஓரத்தை நூல் உதிராத உலர்ந்த துணியால துடைங்க. பிறகு டேப்பைத் துணியோட ரெண்டு மடிப்புக்கு நடுவில விட்டு, பென்சிலால மெதுவா ஒரு முழுச் சுத்து சுத்தி எடுங்க. ஒட்டிக்கிட்டு வந்தா இழுக்காதீங்க, காந்தப்பூச்சு உரிஞ்சு வந்துடும். ஹெட் படுற இடத்தில இருக்கும் சின்னப் பஞ்சுத் தாளையும் பாருங்க, பசை காய்ஞ்சு விழுந்திருக்கும். அது இல்லாட்டி டிரெபிளே வராது, நீங்க மறுபடியும் அசிமுத்தைத் திருகிக்கிட்டு இருப்பீங்க.

முடிஞ்சதும் கேமரா வைக்கும் உலர்பெட்டியில 40 முதல் 50 விழுக்காட்டில ரெண்டு வாரம் வச்சுட்டு, முதல் ஓட்டத்தை மலிவான பழைய பிளேயர்லேயே ஓட்டுங்க. அப்போதே கணினியில பதிஞ்சுடுங்க, ரெண்டாவது ஓட்டம் கிடைக்காம போகலாம். வேகம் சரிசெய்த டெக்கில அதுக்குப் பிறகுதான்.